ஆள் வராத ஜப்தி

எனக்குப் பயம் வந்தால் கை நடுங்காது, வியர்க்காது. வாயில் ஜோக் வரும். சின்னப் பயத்துக்குச் சின்ன ஜோக், பெரிய பயத்துக்குப் பெரிய ஜோக். திருப்பதியில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையின் சர்வீஸ் கவுண்டரில் நான் உட்கார்ந்திருந்த காலத்தில் எல்லோரும் என்னை ‘ஜோக்கர் தாசு’ என்றுதான் கூப்பிட்டார்கள். நான் சந்தோஷமான ஆள் என்று அவர்களுக்கு நினைப்பு. நாள் முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான் விஷயம்.

சித்தூரிலிருந்து அந்தப் பெரியவர் முதன்முதலில் கடைக்கு வந்தபோது நான் ஒரு ஃபிரிஜ் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் இருந்தேன். பில் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு போனேன். ஃபிரிஜ்ஜுக்குப் பின்னால் எந்த ஊரில் பில் வைப்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் கடையில் யாரும் இல்லை. கவுண்டர் முன்னால் பத்துப் பதினைந்து பேர் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் கத்தியதில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் எஞ்சினீயரிங் காலேஜுகள் முளைத்தன. பிள்ளைகள் அமெரிக்கா பறந்தார்கள். பறந்த பிள்ளைகள் அப்பா அம்மாவுக்குச் சாமான் அனுப்பினார்கள். முதலில் டார்ச் லைட், அப்புறம் பிரஷர் பார்க்கிற மெஷின், கடைசியில் ஒயர் இல்லாத ஸ்பீக்கர். ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று. மூன்றிலும் ஒரே பாட்டு ஓடும். போனில் ஒரு கோடு வரும். அதை விரலால் தள்ளினால் மூன்று அறையிலும் சத்தம் ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும். அந்த ஒற்றைக் கோட்டுக்காகவே நாங்களும் நிறைய விற்றோம்.

ஒரு நாள் காலையில் அந்தக் கோடு எல்லார் போனிலிருந்தும் காணாமல் போய்விட்டது. இனி ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியாகத் திறந்து, தனித்தனியாக ஏற்றி இறக்க வேண்டும். விஷயம் என்னவென்றால், இன்னொரு கம்பெனி ‘எல்லா அறையையும் ஒரே கோட்டில் கட்டுகிற யோசனை எங்களுடையது, பேட்டண்ட் எங்களிடம் இருக்கிறது’ என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டு ஜெயித்திருந்தது. நாங்கள் விற்ற ஸ்பீக்கரின் கம்பெனி என்ன செய்தது? எல்லோரும் தூங்குகிற நேரத்தில் ஒரு அப்டேட் அனுப்பி, ஏற்கெனவே விற்ற ஸ்பீக்கரிலிருந்தும் கோட்டை உருவிக்கொண்டது. எங்களுக்கு ஒரு மெயில் வந்தது: வாடிக்கையாளர் கேட்டால் ‘இது உங்கள் அனுபவத்தை மேம்படுத்தும் மாற்றம்’ என்று சொல்லவும், வழக்கைப் பற்றிப் பேச வேண்டாம்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜ் முதலாளி ஒருவரிடம் நான் அதை அப்படியே சொன்னேன். மாடிக்கு ஒரு ஸ்பீக்கராக வைத்துப் பக்திப் பாட்டு போடுகிறவர். பாட்டு மேல்மாடியில் அலறும், கீழே முனகும். ரூம் பையன்கள் படியேறி இறங்கியே இளைத்துவிட்டார்கள்.

“நா லாட்ஜிலோ நா சவுண்டு. வாடெவடய்யா ஆப்படானிகி?” என்றார். என் லாட்ஜ், என் சவுண்டு, நிறுத்த அவன் யார் என்று.

“அனுபவம் மேம்படும் சார். படி ஏறினா முட்டிக்கு நல்லது.”

அவர் ஸ்பீக்கரைத் தூக்கினார். நான் ஃபிரிஜ் பெட்டிக்குப் பின்னால் போனேன்.

அங்கிருந்து எட்டிப் பார்த்தபோதுதான் பெரியவரைக் கண்டேன். கூட்டத்துக்குக் கடைசியில், இல்லாத வரிசையில், தன் முறைக்காக நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். ஸ்பீக்கரைத் துண்டில் சுற்றி, குளிப்பாட்டின குழந்தை மாதிரி நெஞ்சோடு பிடித்திருந்தார். கத்தி ஓய்ந்து எல்லோரும் போனபிறகு கவுண்டருக்கு வந்து, என்னைக் கிட்டே வரச்சொல்லிக் கையசைத்தார். காதைக் கொடுத்தேன். குரல் இல்லை, காற்றுதான் வந்தது.

“முழுப் பேரு சொல்லுங்க நைனா. அப்பா பேரோட.”

“எதுக்குங்க அய்யா, பொண்ணு கிண்ணு பாக்கறீங்களா? எனக்கு ஏற்கெனவே ஆயிப்போச்சு.”

அவர் சிரிக்கவில்லை, கோபமும் படவில்லை. காத்திருந்தார். அந்தக் காத்திருப்புக்கு முன்னால் என் ஜோக் தலை குனிந்து நின்றது. சொன்னேன். அவர் உதடு அசைத்து மனப்பாடம் செய்தார்: “வடமாலபேட்டை ஏகாம்பரம் மகன் தசரதன்.” பிறகுதான் துண்டைப் பிரித்து, விஷயத்துக்கு வந்தார்.

அவர் போனதும் கேஷில் உட்காரும் ரேணுகா சொன்னாள். அவளும் சித்தூர்க்காரிதான். “அண்ணா, அவரு எங்க ஊரு கோர்ட்டு ஆளு. ஜாக்கிரதை.”

அன்றைக்கு நான் சொன்ன ஜோக்குகளை எண்ணினால் ஒரு புத்தகம் தேறும்.

*

கோர்ட்டு ஆள் என்றால் வக்கீல் இல்லை, ஜட்ஜ் இல்லை. சிவப்புப் பட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்று, வழக்குக்காரர் பெயரைக் கூப்பிடுகிற டவாலி. சித்தூர் கோர்ட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் கூப்பிட்டிருக்கிறார். அவர் கூப்பிட்டால் வராண்டா தாண்டி, புளியமரம் தாண்டி, ரோட்டுக்கு அந்தப்பக்கம் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவன் கிளாஸைப் போட்டுவிட்டு ஓடி வருவானாம். அப்படிப்பட்ட குரல். ரிட்டயர் ஆன பிறகு தொண்டையில் கட்டி வந்து, வேலூரில் ஆபரேஷன் செய்தார்கள். உயிர் மிஞ்சியது. குரல் மிஞ்சவில்லை.

ஆனால் பழக்கம் மிஞ்சியது. யாராக இருந்தாலும் முழுப் பெயரும் அப்பா பெயரும் கேட்பார். எங்கள் கடைக்கு டீ கொண்டுவருகிற ஆளை நாங்கள் வருஷக்கணக்காக ‘டீ’ என்றே கூப்பிட்டுவந்தோம். டீ, இங்க வா. டீ, சில்லறை இல்ல. பெரியவர் இரண்டாவது தடவை வந்தபோது டீயின் காதில் ஏதோ கேட்டார். டீ வெட்கப்பட்டுக்கொண்டு பதில் சொன்னார். அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது, அவர் ராமகுப்பம் கிருஷ்ணப்பா மகன் சந்திரசேகர். நல்ல பெயர். ஏலக்காய் போட்ட மாதிரி மணக்கிற பெயர். அதற்கப்புறம் டீ பெரியவருக்கு மட்டும் தனியாக இஞ்சி தட்டிப் போட்டுக் கொண்டுவந்தார்.

இன்னொன்று, எதையும் மூன்று தடவை கூப்பிடாமல் முடிக்க மாட்டார். ஒருமுறை நானே அவரைச் சித்தூர் பஸ்ஸில் ஏற்றிவிடப் போயிருந்தேன். ஏற்றிவிட்டால் போய்விடுவார், அன்றைக்குக் கேஸ் போட மாட்டார் என்ற நப்பாசை. தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கின ஒரு ஆள் திரும்பி வருவதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். பெரியவர் எழுந்துபோய்க் கண்டக்டர் தோளைத் தொட்டார்.

“கூப்டுங்க.”

“எவனைய்யா கூப்புடறது? பேரு தெரியுமா?”

“சீட்ல பை கீது. பைக்காரரேன்னு கூப்டுங்க. மூணு தபா. வரலைன்னா எக்ஸ்பார்ட்டி. அப்புறம் உங்க இஷ்டம்.”

கண்டக்டர் முறைத்துக்கொண்டே படியில் தொங்கி ‘பைக்காரரே’ என்று கத்தினார். மொட்டை போட்டுச் சந்தனம் பூசின நாலு பேர் தங்களையோ என்று திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது கத்தலுக்குப் பைக்காரர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். பெரியவர் ஒன்றும் சாதிக்காதவர் மாதிரி போய் உட்கார்ந்துகொண்டார்.

*

கோடு காணாமல் போன சங்கதியை நான் அவரிடம் ‘அனுபவம் மேம்படும்’ என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு தடவைதான். அவர் என் முகத்தைப் பார்த்த பார்வையில், சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்ட சாட்சி மாதிரி எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். இன்னொரு கம்பெனி, பேட்டண்ட், அமெரிக்கா, தீர்ப்பு, எல்லாம்.

அவருக்கு உயிர் வந்தது. கேஸ் என்றால் அவருக்குத் தெரிந்த வீடு.

“எந்தக் கோர்ட்டு?”

“ஏதோ டிரேடு கமிஷனாம் அய்யா.”

“வாய்தா எத்தினி போச்சு?”

“நான் போகலீங்க. லீவு கிடைக்கல.”

“ரெண்டு பார்ட்டியும் ஆஜரானாங்களா?”

“ஆகியிருப்பாங்க. பெரிய கம்பெனிங்க.”

பிறகு, என் வாழ்நாளில் எந்த வாடிக்கையாளரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

“என் பேரக் கூப்ட்டாங்களா?”

நான் ஜோக்கைத் தேடினேன். கிடைக்கவில்லை.

“நைனா, ஒரு ஊட்ல ஜப்தி பண்ணணும்னா அமீனா வரணும். ஊட்டுக்காரன் பேர வாசல்ல நின்னு கூப்டணும். ஆர்டரைப் படிக்கணும். அப்புறம்தான் அண்டாவத் தொடலாம். நான் எத்தினி ஜப்திக்குப் போய்க்கீறேன். அழுதுகினு குடுப்பாங்க, மண்ண வாரித் தூத்துவாங்க. ஆனா ஆளு வந்தான், கூப்ட்டான்னு இருக்கும். இது இன்னா ஜப்தி? ஆள் வரல, பேரு சொல்லல. நான் தூங்கிகினு கீறேன், என் போன்ல இருந்து எடுத்துகினு போய்ட்டான். கூப்டாம போட்ட ஆர்டரு செல்லாது.”

இவ்வளவையும் காற்றாகவே சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சு வாங்க வேண்டியிருந்தது. லாட்ஜ் முதலாளியின் கத்தல் எனக்கு மறுநாளே மறந்துவிட்டது. இந்தக் காற்று மறக்கவில்லை.

“பதினஞ்சு நாள்ல சரியாயிடும் அய்யா,” என்றேன். பயத்தில் வந்த தேதி.

அவர் எழுந்தார். “உங்க ஊட்டு அட்ரஸும் சொல்லுங்க.”

செத்தேன் என்று நினைத்தேன். முழுப் பெயர், அப்பா பெயர், இப்போது அட்ரஸ். சம்மன் எழுத வேறென்ன வேண்டும்? அன்று ராத்திரி என் பெண்டாட்டியிடம், ஜெயிலில் ஞாயிற்றுக்கிழமை கறி போடுவார்களாமே என்று கேட்டேன். அவள், உன்னை உள்ளே விட்டால் கைதிகளே பெட்டிஷன் போட்டு வெளியே அனுப்பிடுவாங்க என்றாள். சிரித்தேன். தூக்கம் வரவில்லை.

கன்ஸ்யூமர் கோர்ட்டில் என் பெயரை யாரோ கூப்பிடுவது போலவே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. கம்பெனி அமெரிக்காவில் இருக்கிறது. முதலாளி சென்னையில் இருக்கிறார். கூப்பிடு தூரத்தில் இருக்கிறவன் நான் ஒருத்தன்தான். மறுவாரம் லீவு போட்டு, பொங்கல் ஆஃபரில் மிஞ்சின ஒரு இஸ்திரிப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, சமாதானம் பேசச் சித்தூருக்குக் கிளம்பினேன்.

*

கட்டமஞ்சியில் வீடு. மூன்று அறை, வரிசையாக, ரயில் பெட்டி மாதிரி. முன்னால் ஹால், நடுவில் படுக்கையறை, பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் ஒரு சந்து. பெரியவர் என்னைப் பார்த்ததும் திகைக்கவில்லை. வாய்தாவுக்கு வந்தவனைப் பார்ப்பது போலத் தலையசைத்தார். இஸ்திரிப்பெட்டியை வாங்கி, நன்றாயிருக்கிறதென்று திருப்பிப் பார்த்து, திரும்ப என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

“அட்ரஸ் கேட்டீங்களே,” என்றேன்.

“உங்க ஊட்டுக்கே வந்து கூப்ட்டுகினு போலாம்னு. கடையில சொன்னா புரியாது. கண்ணால பாக்கணும்.”

சம்மன் இல்லை, அழைப்பு. நான் அவ்வளவு பெரிய மூச்சு விட்டதில் எதிரே காலண்டர் ஆடியது.

வீடு முழுக்கச் சன்னமாகப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நடு அறையிலிருந்து ஒரு அம்மா அந்தப் பாட்டையே முனகிக்கொண்டு வந்து, என்னைப் பார்த்துச் சிரித்து, அடுப்படிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அடுப்படியிலிருந்து வந்து, முதல் தடவை பார்ப்பது போலச் சிரித்து, நடு அறைக்குப் போனார்.

“முனியம்மா,” என்றார் பெரியவர். “மறதி. ஆளு மறந்துபோவுது. போன மாசம் என்னையே கேஸ் சிலிண்டர் கொண்டாந்த ஆளுன்னு நெனச்சி, உள்ள வெச்சிட்டுப் போப்பான்னாங்க.”

ஆனால் பெரியவரின் குரல் மறக்கவில்லையாம். அதற்கு ஒரு பழைய கணக்கு இருந்தது. கல்யாணமான புதிதில் முனியம்மா மத்தியானச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போவார். புளியமரத்தடியில் வழக்குக்காரர்கள் கூட்டத்தோடு நிற்பார். இவர் வராண்டாவில் நின்று, வழக்கு நம்பர்களுக்கு நடுவே, முகத்தைக் கெட்டியாக வைத்துக்கொண்டு கூப்பிடுவார்: ‘பாலசமுத்திரம் குப்பன் மகள் முனியம்மா.’ மூன்றாவது கூப்பாட்டுக்கு அந்த அம்மா தூக்குச்சட்டியை உயர்த்திப் பிடித்து ‘ஆஜருங்க’ என்பார். வக்கீல்களெல்லாம் சிரிப்பார்களாம். ஒரு ஜட்ஜ்கூட.

அமெரிக்காவில் இருக்கிற மகள் மூன்று ஸ்பீக்கர் அனுப்பி, போனில் பேசினாலும் மூன்றிலும் கேட்கிற மாதிரி அங்கிருந்தே எல்லாவற்றையும் பொருத்திக் கொடுத்திருந்தாள். நாளெல்லாம் மெதுவாகப் பாட்டு ஓடும். முனியம்மா எந்த அறையில் இருந்தாலும் அது கூடவே இருக்கும், வெளியே போக மாட்டார். சாப்பாட்டு வேளைக்கோ, மாத்திரை வேளைக்கோ, ஆள் கண்ணில் படாவிட்டாலோ, பெரியவர் அந்தக் கோட்டை ஒரே தள்ளாகத் தள்ளி, போனில் கூப்பிடுவார். அவர் காற்று மூன்று அறையிலும் பழைய குரலாக எழும்பும். முனியம்மா எங்கிருந்தாலும் வருவார். வந்ததும் இவர் கோட்டை இறக்கிவிடுவார்.

“இப்போ பாருங்க.”

காட்டினார். போனில் ஹால் ஸ்பீக்கரைத் திறந்து ஏற்றினார். விரல் இரண்டு தடவை வழுக்கியது. அதை மூடி, நடு அறை ஸ்பீக்கரைத் திறந்தார். அதற்குள் ஹால் ஸ்பீக்கரில் பாட்டு அலறியது. நடு அறையும் அலறியது. மூன்றாவதைத் தேடுவதற்குள் உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. நான்தான் போனை வாங்கி எல்லாவற்றையும் அடக்கினேன்.

சத்தம் நின்றபோது முனகலும் நின்றிருந்தது.

அடுப்படியில் இல்லை. நடு அறையில் இல்லை. பின்கதவு திறந்திருந்தது. சந்துக்கு அந்தப்பக்கம் மெயின் ரோடு. மாம்பழக் கூழ் ஃபாக்டரிக்குப் போகிற லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

பெரியவர் பின்வாசலில் நின்று வாயைத் திறந்தார். நெஞ்சு தூக்கியது, கழுத்து நரம்பு புடைத்தது, பெயர் வரவில்லை. முப்பது வருஷம் ஊரைக் கூப்பிட்டவர். நான் பார்க்கக் கூடாத எதையோ பார்த்துவிட்டேன் என்று தோன்றியது. அவர் என் கையைப் பிடித்தார்.

“நீ கூப்டு.”

“நானா?”

“முழுப் பேரு. அப்பா பேரோட. மூணு தபா. கத்தாதே, கூப்டு.”

என் குரலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜோக்குக்குப் பொருத்தமான குரல். மாவு மில் பெல்ட் மாதிரி கீச்சிடும். அந்தக் குரலை வைத்துக்கொண்டு, கையில் இஸ்திரிப்பெட்டியோடு, சந்தைத் தாண்டி ரோட்டோரத்தில் நின்றேன்.

“பாலசமுத்திரம் குப்பன் மகள் முனியம்மா!”

ஒரு வீட்டு ஜன்னல் திறந்தது. இரண்டாவது கூப்பாட்டுக்கு நாலு வீட்டுக் கதவு திறந்தது. இஸ்திரிக்காரர் போலிருக்கிறது என்று ஒரு பெண் இரண்டு சட்டையைத் தூக்கிக் காட்டினாள். எனக்குக் கண் எரிந்தது. ஜோக் ஒன்றும் வரவில்லை. மூன்றாவது தடவை, என் அம்மாவைத் தேடுகிறவன் மாதிரி கூப்பிட்டேன்.

ரோட்டுக்கு அந்தப்பக்கம், நின்றிருந்த லாரி நிழலிலிருந்து ஒரு கை உயர்ந்தது. கையில் கரண்டி இருந்தது.

“ஆஜருங்க.”

*

அன்றைக்கே ஒரு வழி செய்தேன். என் கூப்பாட்டைப் போனில் பதிந்து வைத்தேன். கீச்சுக் குரலுக்கு ஒரு லாபம் உண்டு. சத்தம் ஏற்றாமலே மூன்று அறையிலும் குத்தும். பெரியவர் பொத்தானை அழுத்தினால் போதும். அழுத்திப் பார்த்தார். நான் மூன்று ஸ்பீக்கரில் கீச்சிட்டேன். முனியம்மா கரண்டியோடு வந்து ‘ஆஜருங்க’ என்றார், ஸ்பீக்கரைப் பார்த்து.

“பார்ட்டி ஆஜராவுது. போதும் நைனா,” என்றார் பெரியவர்.

போதாது என்பது பிறகுதான் தெரிந்தது. மாதம் ஒரு தடவையாவது நான் சித்தூர் போய்வரத் தொடங்கியிருந்தேன். கேட்டால், காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குப் போகிற வழி என்பேன். முனியம்மாவுக்கு என் குரல் பிடிபட்டுவிட்டது. நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே பேசினால் உள்ளிருந்து வந்து, கூப்பிட்டீங்களா என்பார். சாதம் பிசைந்து எனக்கு முதலில் வைப்பார். ஒரு நாள் பெரியவரைக் காட்டி என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

“கூப்புடறது நீங்க. தெனமும் வந்து ஒக்காந்துகினு கீறாரே, இவரு யாரு? பாவம், பேசவே மாட்டேன்றாரு.”

நான் சிரித்து மழுப்பினேன். பெரியவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவும்போது தன் அப்பாவைப் பற்றி என்னிடம் சொன்னார்: “எங்க நைனாவ ஊர்ல யாரும் பேரு சொல்லிக் கூப்ட்டதில்ல. ஏய், டேய், அவ்ளோதான். கூலிக்காரன் பேரு எதுக்கு? நான் வேலைக்குச் சேந்த வருஷம் எங்க ஊரு பெரிய நிலத்துக்காரர் மேல ஒரு கேஸு. அவரு பேரையும் அவங்கப்பா பேரையும் கூட்டத்துல மரியாதையா மூணு தபா கூப்ட்டேன். கும்பிட்டுகினு வந்தாரு. அன்னிக்கு ஊட்டுக்கு வந்து எங்க நைனாவையும் அதே மாதிரி கூப்ட்டேன். மூணு தபா. அவரு எழுந்து நின்னுட்டாரு. எதுக்குடா என்னக் கூப்டறேன்னாரு. சும்மா நைனா, துன்ன வான்னேன்.”

தண்ணீரை நிறுத்தினார். “இப்போ நானே டேய் ஆயிட்டேன் பாரு.”

என் நைனா ஏகாம்பரத்தையும் வடமாலபேட்டையில் எல்லோரும் ‘ஏய் ஏகா’ என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த வீட்டுக் கொல்லைப்புறத்தில் விறகு பிளந்தாலும் அதே கூப்பாடு. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஜோக்காகத்தான் சொல்லியிருப்பேன்.

*

நான் சொன்ன பதினைந்து நாள் மாதங்களாக நீண்டது. இரண்டு கம்பெனியும் மாறி மாறி அப்பீல் போட்டன. கடையில் கத்துகிற கூட்டம் குறைந்தது; லாட்ஜ் முதலாளி எல்லாவற்றையும் கழற்றி வீசிவிட்டுப் பழைய குழாய் ஸ்பீக்கருக்கே போனார். பெரியவர் மட்டும் வாய்தா தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு நாள் அமெரிக்காவில் எந்த மேல்கோர்ட்டோ என்ன சொன்னதோ, முன்பு போன மாதிரியே சத்தமில்லாமல் கோடு திரும்பி வந்தது. கம்பெனி மெயிலில் எழுதியிருந்தது: ‘உங்கள் அனுபவத்தை மேம்படுத்தும் மாற்றம்.’

கடையை ரேணுகாவிடம் ஒப்படைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

முதல் வேலையாக என் கீச்சுக் குரலை அழித்தேன். கோட்டைக் காட்டினேன். பெரியவர் அதைத் தொடவில்லை. சட்டைப் பொத்தானைச் சரிபார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். முனியம்மா அடுப்படியில் இருந்தார்.

“உன் குரலுக்குப் பழகிட்டாங்க,” என்றார். “வரலைன்னா?”

“மூணு தபா கூப்டலாம் அய்யா. அப்புறம் உங்க இஷ்டம்.”

ஒரே விரலால் தள்ளினார். போனை வாயருகே கொண்டுபோனார்.

மூன்று அறையிலும் அது எழுந்தது. கரகரத்த, காற்று கலந்த, ஆனால் வராண்டா தாண்டுகிற குரல். பாலசமுத்திரம் குப்பன் மகள் முனியம்மா.

அடுப்படியில் தட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இரண்டாவது தடவை. தட்டுச் சத்தம் நின்றது. யாரும் வரவில்லை.

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன். மூன்றாவது தடவை கூப்பிடுவதற்கு முன்னால் அவர் விட்ட மூச்சும் மூன்று அறையில் கேட்டது.

முனியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வழியில் நின்றிருந்த என்னை ஒதுக்கினார். “நவுரு தம்பி, எங்க ஊட்டுக்காரரு கூப்புடறாரு.” நேராகப் போய் அவர் முன்னால் நின்றார்.

“ஆஜருங்க. இன்னாத்துக்கு இப்பிடிக் கத்தறே? இங்கதானே கீறேன்.”

முப்பது வருஷம் ஊரைக் கூப்பிட்டு, கடைசியில் குரலே இல்லாமல் போன மனிதரை, கத்துகிறாய் என்று திட்டினார். பெரியவர் முகத்தில் ஓடினதை நான் விவரிக்கப் போவதில்லை. கோட்டை இறக்கினார், அவ்வளவுதான். அந்த அம்மா சாதம் வைக்கத் திரும்பிப் போனார்.

நான் செருப்பைத் தேடி வாசலுக்கு வந்தேன். இருந்தால் ஏதாவது ஜோக் சொல்லிக் கெடுத்துவிடுவேன் என்று பயம். ஒரு செருப்பு கிடைத்தது. இன்னொன்றைக் காலால் துழாவிக்கொண்டிருக்கும்போது, எனக்குப் பின்னால் வீடு மறுபடி குரலெடுத்தது.

“வடமாலபேட்டை ஏகாம்பரம் மகன் தசரதன்.”

மாதங்களுக்கு முன்னால் எந்தக் கூப்பாட்டுக்குப் பயந்து நான் ஜெயில் சாப்பாடு விசாரித்தேனோ, அதே கூப்பாடு. ஹாலில், நடு அறையில், அடுப்படியில், ஒரே சமயத்தில், ஒரே சத்தத்தில் என் நைனா பெயர். உயிரோடு இருந்தவரைக்கும் அவர் பெயரை எந்த வீட்டுக்குள்ளும் யாரும் முழுசாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இரண்டாவது தடவை கூப்பிட்டார். நான் ஒற்றைச் செருப்போடு நின்றேன்.

மூன்றாவது தடவையும் முடிந்தது. உள்ளேயிருந்து முனியம்மா குரல் கொடுத்தார்: “சாதம் ஆறுது. ஆளு வராரா, இல்ல எக்ஸ்பார்ட்டியா?”

“ஆஜர்,” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனேன்.